கிளினிக்குக்குப் போன பிள்ளை

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டியோடு இருந்து வாசியுங்கள்.

வகுப்பாசிரியர்களாகிய நாங்கள் காலையில் முதலில் கையில் எடுப்பது வரவு இடாப்பைத்தான். பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டால் காய்ச்சல், கலியாண வீடு, வெள்ளம் என்று பல காரணங்கள் வரும். எங்கள் பகுதியில் இன்னொரு காரணமும் அடிக்கடி வரும்: "கிளினிக்குக்குப் போன டீச்சர்." பிள்ளைக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வீட்டில் இருக்கிற உம்மம்மாவுக்குச் சிங்களம் வராது, பிள்ளைக்கு வரும். அவ்வளவுதான். பத்து, பதினொரு வயதுப் பிள்ளை மொழிபெயர்ப்பாளராகப் போய் வரிசையில் நிற்கிறது.

அப்படிப் போன ஒரு பையனின் கதையை முதலில் சொல்கிறோம். பெயர் வேண்டாம், ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம். அவனுடைய உம்மம்மா யாழ்ப்பாணத்துக்காரி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கையில் ஒரு பையோடு வந்தவர். புத்தளத்தில் சில வருடம், பிறகு கொழும்பு. முப்பது வருடத்துக்கு மேல் இங்கே இருந்தும் சிங்களம் "எத்தனை ரூபா" என்பதைத் தாண்டவில்லை. சீனி வருத்தம் பழையது. கிளினிக்கில் அவர் சொன்னது, "கால் விறைக்குது." பையனுக்கு ஆறாம் வகுப்புச் சிங்களம். விறைப்பதற்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று அவனுக்குத் தெரியாது. "ரிதெனவா" என்றான். நோகுது என்று. நோவுக்கு மருந்து எழுதப்பட்டது. அடுத்த முறையும் அதே சொல், அதே மருந்து. சீனி வருத்தக்காரருக்குக் கால் விறைத்தால் நரம்பு உணர்ச்சி இழக்கிறது என்று அர்த்தம். காலில் எதுவும் குத்தினாலும் தெரியாது. அதுதான் நடந்தது. செருப்புக்குள் இருந்த சின்னக் கண்ணாடித் துண்டை அவர் உணரவே இல்லை. கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது.

இதில் யார் மேல் குற்றம்? பையன் மேலா? அந்தக் கூட்டத்தில் ஒரு நாளைக்கு எத்தனையோ பேரைப் பார்க்கும் தாதி மேலா? நாங்கள் ஆசிரியர் அறையில் இதைப் பலநாள் பேசினோம். பேசப்பேச இது ஒரு பழைய கதையின் புதிய அத்தியாயம் என்று தெரிந்தது. அந்தப் பழைய கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கொழும்புப் பெரியாஸ்பத்திரி 1864இல் தொடங்கியது. அக்காலத்தில் வசதியுள்ளவர் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. வைத்தியர் வீட்டுக்கு வருவார். எங்கள் சமூகத்தில் யூனானி ஹக்கீம்மாரும் நாட்டு வைத்தியர்களும் இருந்தார்கள். கண்டி மன்னர்களின் அரண்மனை வைத்தியர்களாக இருந்த சோனகக் குடும்பங்களைப் பற்றி நம் வரலாற்று நூல்களில் வாசித்திருப்பீர்கள். பிரதம நீதியரசராக இருந்த அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் எழுதியபோது, இலங்கை முஸ்லிம் வைத்தியர்களின் கைவசம் இருந்த அறபு மருத்துவ நூல்களைப் பற்றிக் குறிப்பிட்டார். அந்த வைத்தியரிடம் நோயாளி தன் மொழியில், தன் வீட்டுத் திண்ணையில், தன் சொந்தக்காரர் முன்னால் பேசினார். பெரியாஸ்பத்திரி என்பது அதற்கு நேர்மாறு. வேறு மொழி, வேறு உடுப்பு, வேறு சாப்பாடு, யாரென்று தெரியாத பக்கத்துக் கட்டில்.

1880களில் பிரான்சிஸ்கன் மரியாளின் மிஷனரிக் கன்னியாஸ்திரிகள் வந்து பெரியாஸ்பத்திரியின் தாதியர் வேலையைப் பொறுப்பெடுத்தார்கள். 1960களில் அரசாங்கம் அவர்களை விலக்கும்வரை ஏறத்தாழ எண்பது வருடம் அந்த வாட்டுகளில் அவர்களின் வெள்ளை அங்கி இருந்தது. அவர்களின் சேவையை எவரும் குறைசொல்ல முடியாது. ஆனால் வாட்டின் பேச்சு ஆங்கிலமாகவும் வாட்டின் ஒழுங்கு ஐரோப்பிய ஒழுங்காகவும் உருவானது அந்தக் காலத்தில்தான். நாட்டு மொழிகள் பின்வாசலால் வந்தன. அட்டெண்டன்மார், கூட்டித் துடைப்பவர்கள் வழியாக.

பெண்கள் விஷயத்தில் இடைவெளி இன்னும் பெரிது. சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா கொடுத்த பணத்தில் 1879 டிசம்பரில் டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது. ஆசியாவின் பழைய பிரசவ ஆஸ்பத்திரிகளில் ஒன்று. இன்று பாதிக் கொழும்பு பிறந்த இடம் அது. ஆனால் நம் பூட்டிமார் காலத்தில் பிரசவம் என்றால் வீட்டு அறை, சுடுதண்ணீர், மருத்துவிச்சி. அந்நிய ஆண் பார்ப்பாரா, பாங்கு சொல்ல வாப்பா உள்ளே வர விடுவார்களா, நஞ்சுக்கொடியை என்ன செய்வார்கள், குளிக்க வார்ப்பார்களா, என்ன சாப்பிடக் கொடுப்பார்கள்? இந்தக் கேள்விகளை ஆங்கிலம் படித்தவர்கள் அறியாமை என்றார்கள். எங்களுக்கு அப்படிப் படவில்லை. ஒரு பெண் தன் வாழ்க்கையின் ஆபத்தான மணித்தியாலத்தை யார் கையில் கொடுப்பது என்று யோசிக்கிறாள். கேள்வி நியாயமானது. பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

பதில் சொல்ல முயன்ற ஒருவரின் கதை யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. மேலே சொன்ன உம்மம்மா "மானிப்பாய் ஆஸ்பத்திரி" என்று அடிக்கடி சொல்லுவார். அவர் ஊரில் இருந்தபோது போன ஆஸ்பத்திரி. அதன் முழுப்பெயர் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷனரி வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த வருடம் மானிப்பாயில் வேலையைத் தொடங்கினார். அவர் வந்தது சமயம் பரப்பத்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர் ஒன்றைக் கவனித்தார். ஆங்கிலத்தில் வைத்தியம் படித்த இளைஞர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுகிறார்கள். ஊரில் மிஞ்சுபவர்கள் ஊர்ச் சனங்களிடமிருந்து உடுப்பாலும் நடையாலும் விலகிவிடுகிறார்கள். ஆகவே அவர் திசையை மாற்றினார். தானே தமிழ் படித்தார். 1860களில் இருந்து மேற்கத்திய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அவரிடம் படித்த அறுபதுக்கு மேற்பட்டோரில் 33 பேர் தமிழில் படித்துத் தேறியவர்கள். மாணவர்கள் தங்கள் உடுப்பையும் வழக்கங்களையும் விடக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

'இரணவைத்தியம்', 'வைத்தியாகரம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'மனுஷ சுகரணம்' என்று அவரும் மாணவர்களும் தமிழில் கொண்டுவந்த நூல்களின் பெயர்களைப் பாருங்கள். கலைச்சொல் தேவைப்பட்டால் முதலில் தமிழில் தேடு, இல்லையென்றால் சம்ஸ்கிருதத்தில், அதிலும் இல்லையென்றால்தான் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுது என்று ஒழுங்கு வைத்திருந்தார். நாங்கள் பாடம் படிப்பிக்கும்போது இன்றைக்கும் இதே சிக்கலோடுதான் போராடுகிறோம். ஒரு மருத்துவர் 'இரணம்' என்ற சொல்லைத் தேடி எடுப்பது அகராதி வேலை மட்டுமல்ல. நோயாளி தன் வருத்தத்தைச் சொல்கிற சொல்லும் மருத்துவர் எழுதுகிற சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால்தான் 'விறைக்குது', 'நோகுது' ஆகாது.

பெண்களுக்குப் பெண்களே என்ற தேவையையும் யாழ்ப்பாணம் முன்பே உணர்ந்தது. 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக மக்லியொட் ஆஸ்பத்திரி வந்தது. கொழும்பில் பெண்களுக்கென்று லேடி ஹவ்லொக் ஆஸ்பத்திரி இருந்தது. 1896இல் இலங்கை வந்த கனேடிய வைத்தியர் மேரி இர்வின், பிறகு ஒரு தமிழரைக் கலியாணம் முடித்து மேரி ரட்ணம் என்று அறியப்பட்டவர், அங்கேதான் சிறிது காலம் வேலை செய்தார். இதெல்லாம் அக்காலத்தில் சலுகை மாதிரித் தெரிந்திருக்கலாம். அந்தக் கதவு இல்லாவிட்டால் எத்தனையோ பெண்கள் வீட்டிலேயே மௌத்தாகியிருப்பார்கள்.

பிறகு வந்ததுதான் நம் நாட்டின் பெரிய சாதனை. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதார அலகு தொடங்கியது. பயிற்சி பெற்ற மருத்துவ மாது ஒருத்தி, ஒரு குறிப்பிட்ட பகுதிக்குப் பொறுப்பாக, அந்தப் பகுதியிலேயே இருந்து, வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணித் தாய்மாரைப் பதிவு செய்யும் முறை அங்கிருந்து நாடெங்கும் பரவியது. 1930களில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்த நாடு இது. இன்று அந்த எண் நாற்பதுக்குக் கீழே. மலேரியா ஒழிப்பு, இலவச வைத்தியம், பெண்கல்வி, வீதி, மருந்து என்று பல காரணங்கள் உண்டு. ஆனாலும் அந்த 'மிட்வைஃப் மிஸ்' இல்லாமல் இது நடந்திருக்காது. அவளுக்கு மாமியார் யார், சமையலறையில் யார் சொல் எடுபடும், எந்த வீட்டில் நாற்பது நாள் வெளியே விடமாட்டார்கள், எந்த வீட்டில் மத்தியானம் போனால் ஆம்பிளைகள் இருக்கமாட்டார்கள் எல்லாம் தெரியும். புத்தகத்தில் 'கலாசாரம்' என்று எழுதுவதை அவள் சைக்கிளில் போய்ப் படித்துக்கொண்டாள்.

உலகத்தில் இதற்கு ஒரு பெயர் வைக்க ஆள் வந்தது பிறகுதான். 1950களில் அமெரிக்காவில் மடலின் லெய்னிங்கர் என்ற தாதி மனநலம் பாதித்த பிள்ளைகளுக்கான நிலையம் ஒன்றில் வேலை செய்தார். வேறு வேறு பின்னணிப் பிள்ளைகள் அன்பையும் கண்டிப்பையும் சாப்பாட்டையும் தூக்கத்தையும் வேறு வேறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று கண்டார். தாதியர் படிப்பில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் போய் மானிடவியல் படித்தார். பப்புவா நியூகினியின் மலைக் கிராமங்களில் தங்கினார். 1965இல் மானிடவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் தொடங்கிய துறையில்தான் இன்று உலகெங்கும் தாதியர் மாணவிகள் 'பண்பாட்டுக்கேற்ற பராமரிப்பு' என்று பாடம் படிக்கிறார்கள்.

ஆனால் எங்கள் மனதுக்கு நெருக்கமானவர் அவர் அல்ல. நியூசிலாந்தின் மாவோரித் தாதி இரிஹபேட்டி ராம்ஸ்டன். 1980களின் இறுதியில் ஒரு கூட்டத்தில் ஒரு மாவோரி மாணவி கேட்டாள்: சட்டப் பாதுகாப்பு, மருத்துவப் பாதுகாப்பு என்றெல்லாம் சொல்கிறீர்கள், எங்கள் கலாசாரத்துக்குப் பாதுகாப்பு எங்கே? ராம்ஸ்டன் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். 1992இல் நியூசிலாந்துத் தாதியர் சபை 'கலாசாரப் பாதுகாப்பை' பாடத்திட்டத்தில் சேர்த்தது. பத்திரிகைகளில் பெரிய எதிர்ப்பு வந்தது. அவர் சொன்னதன் சாரம்: தாதி மற்றவர்களின் வழக்கங்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணுவது போதாது, முதலில் தன்னிடம் இருக்கும் அதிகாரத்தையும் முன்முடிவையும் பார்க்கவேண்டும். பராமரிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று முடிவு சொல்லவேண்டியது தாதி அல்ல, நோயாளி.

பட்டியல் ஏன் போதாது என்பதற்கு எங்கள் தெருவிலேயே உதாரணம் உண்டு. ஒரு ராத்தா விழுந்து கையை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ஒரு தாதி, நல்ல மனதோடு, முஸ்லிம் பெண் என்பதால் ஆண் டொக்டர் பார்ப்பது விருப்பமில்லாமல் இருக்கும் என்று பெண் டொக்டர் வரும்வரை உட்கார வைத்துவிட்டார். ராத்தா இரண்டு மணித்தியாலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். "எனக்கு நோவு நின்டா போதும், யாரு பாத்தா என்ன, அவ கேக்கவே இல்லையே" என்று இன்றைக்கும் சிரிப்பார். இன்னொரு பெண்ணுக்கு அதே இடத்தில் அந்த அவகாசம் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். ஒரே மதம், ஒரே தெரு, இரண்டு பேருக்கு இரண்டு விருப்பம். கேட்டால்தான் தெரியும்.

நோன்பு மாதத்தையும் பாருங்கள். 2001இல் 13 நாடுகளில் 12,000க்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் 79 சதவீதமானோர் குறைந்தது பதினைந்து நாள் நோன்பு பிடித்திருந்தார்கள். அதாவது வைத்தியர் வேண்டாம் என்று சொன்னாலும் நம்மவர்கள் பிடிக்கிறார்கள். பிடித்துவிட்டு கிளினிக்கில் பொய் சொல்கிறார்கள். "நோன்பு பிடிக்கக் கூடாது" என்று அதட்டும் தாதிக்கு எந்தத் தகவலும் கிடைக்காது. "இந்த வருஷம் பிடிக்கிற எண்ணமா? எத்தனை மணிக்கு ஸஹர்?" என்று கேட்கிறவருக்கு உண்மை கிடைக்கும். அப்போதுதான் ஊசியின் அளவையும் நேரத்தையும் மாற்ற முடியும், பிடிக்கவே கூடாதவரை நிறுத்தவும் முடியும். ரமழானுக்கு ஆறு, எட்டு வாரத்துக்கு முன்பே இந்தப் பேச்சைத் தொடங்கவேண்டும் என்று இப்போது சர்வதேச வழிகாட்டல்களும் சொல்கின்றன. விரலைக் குத்திச் சீனி பார்த்தால் நோன்பு முறியாது என்பது உலமாக்களின் பரவலான கருத்து. இதைத் தாதி சொல்வதைவிடப் பள்ளியில் குத்பாவில் சொன்னால் நூறு பேருக்குப் போய்ச் சேரும். இது நம் பக்கத்து வேலை.

இனி, எழுதக் கை கூசுகிற பகுதி.

2020 மார்ச் 31ஆம் திகதி, கொரோனாவில் மௌத்தான முதல் முஸ்லிம் சகோதரரின் ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி மூலம் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன்பே, மார்ச் 24ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலில் அடக்கமும் தகனமும் இரண்டுமே அனுமதிக்கப்பட்டிருந்தன. டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. டிசம்பர் 9ஆம் திகதி பிறந்து இருபது நாளான ஒரு குழந்தை, பெற்றோர் கையெழுத்துப் போட மறுத்தும், எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் கம்பிக் கதவில் வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். நாங்களும் அதில் ஒரு முழம் கட்டினோம்.

அந்த மாதங்களில் எங்கள் தெருக்களில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். இருமல் வந்தவர் மறைத்தார். மூச்சு வாங்குகிற வாப்பாவை வீட்டு அறையில் வைத்துப் பூட்டினார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போனா மையித்தும் கிடைக்காது" என்பதுதான் பேச்சு. நெஞ்சுவலிக்காரர், சிறுநீரக நோயாளிகள்கூடக் கிளினிக்குக்குப் போகப் பயந்தார்கள். 2021 ஜனவரியில் ஐ.நா. விசேட அறிக்கையாளர்களும் இதையே எச்சரித்தார்கள்: இந்தக் கொள்கை ஏழைகளை அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து விரட்டும் என்று. 276 முஸ்லிம்கள் எரிக்கப்பட்டார்கள் என்பது பின்னர் வெளிவந்த கணக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டில் போனவர்களுக்குக் கணக்கு இல்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் ஐ.டி.எச்சிலும் மற்ற ஆஸ்பத்திரிகளிலும் பாதுகாப்பு உடுப்புக்குள் வேர்த்து வேர்த்து வேலை செய்த தாதியர் அந்த வர்த்தமானியை எழுதவில்லை. எங்கள் அயலவர் ஒருவர் மௌத்தான இரவில் ஒரு சிங்களத் தாதி போனை அவர் காதில் வைத்து, மகன் மறுபக்கத்திலிருந்து கலிமா சொல்லிக் கொடுக்க விட்டார். அவருக்கு அது விதியா, விதிமீறலா என்று தெரியாது. கேட்டார்கள், செய்தார். 2020 இறுதியிலும் 2021 தொடக்கத்திலும் இலங்கைச் சமுதாய மருத்துவர்கள் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கம் செய்யலாம் என்று வெளிப்படையாகச் சொன்னதையும் மறந்துவிடக் கூடாது.

வேறு வழி இருந்ததா என்று கேட்பவர்களுக்கு, 2014ஐப் பாருங்கள். மேற்கு ஆபிரிக்காவில் எபோலா. கொரோனாவைப் போல் அல்ல, எபோலாவில் மையித்தைத் தொட்டாலே நோய் தொற்றும். தொற்றுகளில் குறைந்தது ஐந்தில் ஒன்று அடக்கத்தின்போது வந்தது. வெள்ளை உடுப்போடு வந்து பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனதால் சனங்கள் மையித்துக்களை ஒளித்தார்கள், இரவில் இரகசியமாக அடக்கினார்கள், நோய் இன்னும் பரவியது. நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் இஸ்லாமிய, கிறிஸ்தவ நிறுவனங்களோடு உட்கார்ந்து புதிய ஒழுங்கை எழுதியது. குளிப்பாட்டுவதற்குப் பதிலாகத் தயம்மும், கபனிடுவதற்கு வழி, குடும்பம் தூரத்தில் நின்று துஆ செய்ய நேரம், கபுறு எங்கே என்று தெரிந்துகொள்ளும் உரிமை. கட்டாயப்படுத்தி முடியாததை மரியாதையால் முடித்தார்கள். நமக்கு அதற்கு ஆறு வருடம் கழித்து அந்தப் பாடம் கிடைக்கவில்லை.

2021 மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. சரியாக ஒரு வருடம் கழித்துத்தான் எங்கும் அடக்கலாம் என்று விட்டார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. கேட்டது நல்லது. ஆனால் ஆஸ்பத்திரியின் மேல் அந்த ஒரு வருடத்தில் விழுந்த பயம் மன்னிப்போடு போய்விடவில்லை. இன்றைக்கும் சில வீடுகளில் "கிளினிக்குக்குப் போங்க" என்றால் வயதானவர்கள் முகத்தைத் திருப்புகிறார்கள்.

மொழிக்கு வருவோம். 1956இல் சிங்களம் மட்டும். 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. 2007 ஜூலை 1ஆம் திகதிக்குப் பிறகு அரச சேவைக்கு வருபவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கை. கடதாசியில் எல்லாம் இருக்கிறது. கொழும்பு மாநகர எல்லைக்குள் தமிழரையும் முஸ்லிம்களையும் சேர்த்தால் பாதிக்கு மேல் என்று 2012 குடிசன மதிப்பீடு சொல்கிறது. ஆனாலும் எங்கள் வரவு இடாப்பில் "கிளினிக்" என்ற காரணம் குறைந்தபாடில்லை. சுற்றறிக்கைப் பரீட்சையில் கடிதம் எழுதத் தெரிந்தவருக்கும் "நெஞ்சு கரிக்குது", "தலை அம்முது", "மேல் உளையுது" என்றால் என்னவென்று தெரியாது. அது பரீட்சையில் வராது. அதோடு பேரன் முன்னால் சொல்ல முடியாத வருத்தங்களும் பெண்களுக்கு இருக்கின்றன. அந்த வருத்தங்கள் கிளினிக் கொப்பியில் ஏறுவதே இல்லை.

இனி நம்மைப் பற்றி. இரண்டு விஷயம், இரண்டும் கசக்கும். பார்வையாளர் நேரத்தில் ஒரு கட்டிலைச் சுற்றி இருபது பேர் நின்று, வட்டிலப்பம் பகிர்ந்து, பக்கத்துக் கட்டில் நோயாளிக்கு மூச்சுவிட இடமில்லாமல் செய்வது நாங்கள்தான். நோயாளியை விசாரிப்பது சுன்னத்து, கூட்டம் போடுவது சுன்னத்து அல்ல. இது சின்ன விஷயம். மற்றது பெரிது. முஸ்லிம் தாதி இல்லை, தமிழ் தெரிந்த தாதி இல்லை என்று முறைப்பாடு சொல்கிற நாங்கள் எத்தனை பிள்ளைகளைத் தாதியர் பயிற்சிக்கு அனுப்பினோம்? அகழ்ப்போரில் காயப்பட்ட ஸஅத் இப்னு முஆதை நபி (ஸல்) அவர்கள் பராமரிக்கக் கொடுத்தது ருஃபைதா என்ற பெண்ணிடம். காயப்பட்டவர்களுக்காகக் கூடாரம் போட்டு வைத்திருந்தவர். குத்பாக்களில் அவர் பெயரைப் பெருமையாகச் சொல்கிறோம். மகள் "தாதியாகப் போறேன்" என்றால் முகம் மாறுகிறது.

காரணங்கள் எங்களுக்குத் தெரியும். உடுப்பு, நைட் டியூட்டி, விடுதி, கலியாணச் சந்தை. உடுப்புப் பிரச்சினை கற்பனை அல்ல, அதை அதிகாரிகளோடு பேசத்தான் வேண்டும். இன்னொன்று நம் பாடசாலைகளின் பிரச்சினை. தாதியர் பயிற்சிக்கு விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் வேண்டும். எங்கள் பகுதியில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் படிக்க இடம் தேடி, பஸ் மாறி, கடைசியில் கலைப் பிரிவில் விழுகிற கெட்டிக்காரப் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். இதைப் பள்ளி நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கையில் எடுத்தால், ஒரு ஆய்வுகூடம், இரண்டு ஆசிரியர் என்று தொடங்கினால், பத்து வருடத்தில் வாட்டில் வித்தியாசம் தெரியும்.

அந்தப் பையனின் உம்மம்மாவிடம் திரும்பி வருகிறோம். விரல்கள் எடுத்த பிறகு வாட்டில் இருந்தபோது இரவு வேலைக்கு ஒரு இளம் தாதி வந்தார். அனுராதபுரத்துப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. சட்டைப் பைக்குள் ஒரு சின்னக் கொப்பி. அதில் சிங்கள எழுத்தில் தமிழ்ச் சொற்கள்: வலி, நோவு, தண்ணி, பயப்படாதீங்க. பார்க்கப் போன பையனிடம் "கால் மரத்துப் போறதுக்கு உங்கட பாஷையில என்ன?" என்று சிங்களத்தில் கேட்டு, 'விறைக்குது' என்பதையும் எழுதிக்கொண்டார். அந்தச் சொல்லின் சிங்களத்தை, "ஹிரிவெட்டெனவா" என்று, பையனும் அன்றைக்குத்தான் படித்தான்.

பையனின் மூத்த சகோதரி எங்கள் மாணவி. இந்த வருடம் உயர்தரம் எழுதிவிட்டாள், உயிரியல். தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க ஆசை. வாப்பாவுக்கு விருப்பமில்லை. போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நாங்கள் இரண்டு ஆசிரியைகள் அவர்கள் வீட்டுக்குப் போனோம். வாப்பா மரியாதையாகத்தான் பேசினார். "எல்லாம் சரி டீச்சர், நைட் டியூட்டிதான் யோசனை" என்றார். நாங்கள் என்னவோ சொல்லத் தொடங்கினோம். மூலையில் கட்டிலில் காலை நீட்டியிருந்த உம்மம்மா முந்திக்கொண்டார்:

"என்ர காலுக்கு மருந்து கட்டின பிள்ளை இரவிலதானே வந்தது. அதுக்கும் ஒரு வாப்பா இருப்பார்."

யாரும் ஒன்றும் பேசவில்லை. உம்மா தேநீர் கொண்டுவந்தார். வாப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை. விண்ணப்பம் எந்தத் திகதியில் முடிகிறது என்று மட்டும் கேட்டார்.